செவ்வாயில் எனக்கு ஒதுக்கிய வீடு

செவ்வாய்க் கிரகத்தில் எனக்கு ஒரு வீடு இருந்தது. பதினாலாம் பிளாக், முனை வீடு, கிழக்குப் பார்த்த வாசல், எதிரே ஏரி. ஒதுக்கியது நான், பெற்றுக்கொண்டதும் நான். மேஜை அகலத்துக்கு விரியும் கெட்டித் தாளில், பச்சை ஸ்கெட்ச் பேனாவும் மர அளவுகோலும் வைத்து அந்தக் கிரகத்தின் குடியிருப்பு வரைபடத்தை வரைந்தவன் என்கிற முறையில், எனக்கு அந்தச் சலுகையை நானே எடுத்துக்கொண்டேன். நெய்வேலி நகரியத்தில் எனக்கு வாய்த்த குவார்ட்டர்ஸ் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் கதவைத் தட்டாமல் சமையலறை வரைக்கும் வந்து டீ கேட்கும். இன்னொரு கிரகத்திலாவது கிழக்கு வாசலில் குடியிருப்போமே என்று ஒருவன் ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு? ஒரு தப்பு இருந்தது. அது என்னவென்று தெரிய எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

எங்கள் 'செவ்வாய்க் குடியேற்ற ஆதரவு மன்ற'த்தின் தலைவர் நில அளவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. மனைவி பெயரில் ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு, மனிதகுலத்துக்கு இன்னொரு வீடு வேண்டும் என்று அவர் முழங்கினார். நல்ல உயரம், நல்ல குரல், சலவை மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. செவ்வாயில் காற்று மண்டலத்தை உண்டாக்குவது பற்றி மூன்று மணி நேரம் பேசுவார். ஆனால் தூசி வரும் என்று சொல்லி வீட்டு ஜன்னலில் ஒன்றைக்கூடத் திறக்கமாட்டார். அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்துதான் நாங்கள் பன்னிரண்டு பேர் இன்னொரு உலகத்துக்குக் காற்று விடுவதைப் பற்றித் திட்டமிட்டோம்.

நான் எப்படி அதில் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். கன்வேயர் பெல்ட் ஓட்டுகிற ஷிப்டு ஆள் நான். விஞ்ஞானம் என்றால் பெல்ட் அறுந்தால் போன் செய்ய வேண்டும் என்பது வரைக்கும்தான் தெரியும். ஆனால் என் கையெழுத்து அழகாக இருக்கும். சுரங்கத்தில் பாதுகாப்பு வாசகங்களைப் பலகையில் எழுதுவது நான்தான். ஒருநாள் டீக்கடையில் தலைவர் என் தோளில் கை வைத்து, "உங்க கையெழுத்து போர்டோட நின்னுடக் கூடாது சார். அடுத்த கிரகத்துக்குப் போகணும்" என்றார். அதுவரை என் கையெழுத்தை யாரும் அடுத்த டிவிஷனுக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. விழுந்துவிட்டேன். அன்று மாலையே கொள்கை பரப்புச் செயலாளர் ஆனேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல், "மாடியில காயுற துணிய எடுங்கன்னா மறந்துடுறீங்க. உங்கள நம்பி ஒரு கிரகத்தக் குடுக்கிறாங்களா? பாவங்க அந்தக் கிரகம்" என்றாள்.

தலைவரின் கொள்கை எளிமையானது. செவ்வாய் குளிர்ந்து கிடக்கிறது. அதைச் சூடாக்க அங்கே புகை வேண்டும், பனியை உருக்க வேண்டும், உருகிய தண்ணீரில் மரம் வைக்க வேண்டும். "புகை போடத் தெரிஞ்சவன் யாரு? நாம. பள்ளம் வெட்டத் தெரிஞ்சவன் யாரு? நாம. வெட்டின செம்மண்ணக் கொட்டி அதுல காடு வளர்த்தவன் யாரு? நாம. பூமியில புகை விட்டா திட்டுறான். செவ்வாயில விட்டா மாலை போடுவான்!" என்று அவர் முடிக்கும்போது கைதட்டல் தானாக வரும். நானும் தட்டினேன். இருபது வருடம் கரி வெட்டிய ஒருவனிடம், உன்னைவிடத் தகுதியான ஆள் இந்தச் சூரிய மண்டலத்திலேயே இல்லை என்று சொன்னால் அவன் தட்டாமல் என்ன செய்வான்? மண்டையில் மூளை இருந்தால் யோசிப்பான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தலைக்கவசம் மட்டும்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைத் திரட்டப் போவோம். செவ்வாயில் குடியேற்றத் திட்டத்தை உடனே தொடங்கு என்று டில்லிக்கு அனுப்ப ஒரு கையெழுத்து மனு. பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுப்போம். வாங்கியவர்கள் அதில் வேர்க்கடலையை மடித்துத் தின்றார்கள். குள்ளஞ்சாவடிச் சந்தைக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம். அங்கே காய்கறிக் கூடையை இறக்கி வைத்த ஒரு அம்மாள் என்னிடம், "இதுல கையெழுத்துப் போட்டா பட்டா குடுப்பாங்களா தம்பி?" என்று கேட்டது. நான் ஒரு கணம் யோசித்தேன். "குடுப்பாங்க" என்றேன். அந்த அம்மாள் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தது மட்டுமில்லாமல், பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரையும் கூட்டி வந்து வைக்கச் செய்தது. அன்றைக்கு அதிகக் கையெழுத்து வாங்கிய செயலாளர் என்று தலைவர் எனக்குச் சால்வை போட்டார். அந்தச் சால்வை இப்போது எங்கள் வீட்டில் மிக்ஸியை மூடியிருக்கிறது. அதற்கு அதுவே அதிகம்.

தலைவர் வீட்டுப் பின்புறம் ஒரு 'மாதிரித் தளம்' இருந்தது. சுரங்க மேட்டிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணைப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாளால் கூடாரம் போட்டு, உள்ளே கீரையும் முருங்கையும் வைத்திருந்தார். உரமில்லாத வெறும் செம்மண்ணில் பயிர் வந்துவிட்டால் செவ்வாயிலும் வரும் என்பது வாதம். அதற்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர் வருவார். நகரியப் பூங்காக்களில் கான்ட்ராக்டில் தோட்ட வேலை செய்கிறவர். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரைத் தோட்டத்து அண்ணன் என்பேன். கீரை தளதளவென்று வந்தது. தலைவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். 'வெறும் மண்ணில் விளைந்த வெற்றி' என்று நான் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தபோது, அண்ணன் என் காதருகே குனிந்து, "சாணி போட்டுகினு வரேன் சார் ரெண்டு மாசமா. வெறும் மண்ணுல என்னா வரும்? மண்ணுதான் வரும்" என்றார். நான் எழுதுவதை நிறுத்தவில்லை. தலைப்பு நன்றாக அமைந்துவிட்டிருந்தது.

அண்ணன் அந்தக் கீரைக்கு ஏன் இத்தனை பாடுபட்டார் என்பது எனக்குத் தெரியும். அவர் பிறந்த ஊர் சுரங்கத்துக்காக எடுத்த ஊர்களில் ஒன்று. கூலிக்குப் போகிற குடும்பம், சொந்த நிலம் கிடையாது, குளத்தங்கரையில் ஒரு கூரை வீடு மட்டும். ஊரை அளந்து பட்டியல் எடுத்த சமயம் குடும்பத்தோடு கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது பட்டியலில் அவர் அப்பா பெயர் இல்லை. பெயர் இல்லாததால் மாற்று மனையும் இல்லை. அந்த ஊரை அளந்த குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்கள் தலைவர். "எங்க வூட்டு வாசல்லதான் சங்கிலிய வெச்சி அளந்தாருன்னு பக்கத்து வூட்டுக்காரங்க சொன்னாங்க சார். வூடு இருந்துச்சி, நான் பார்த்தேன்னு ஐயா ஒரு காயிதம் எழுதிக் குடுத்தாப் போதும். அத வெச்சிக்கினு ஆபீசுல மனு போடுவேன்" என்பார். ஒரே ஒரு காகிதம். அதற்காகத்தான் அவர் இரண்டு வருடம் செவ்வாய்க்குத் தண்ணீர் ஊற்றினார்.

கேட்கும்போதெல்லாம் தலைவர், "ஆகட்டும்ப்பா, கூட்டம் முடியட்டும். எவ்வளவு பெரிய காரியம் நடக்குது, நீ உன் கூரையப் பத்தியே பேசுற" என்பார். எழுதிக் கொடுத்தால் தன் பட்டியலில் ஒரு வீடு விட்டுப்போனது தன் கையாலேயே நிரூபணமாகிவிடும் என்ற பயம் அவருக்கு என்று நினைக்கிறேன். கோடி மைல் தாண்டிப் போகத் துணிந்தவருக்கு ஒரு வரி எழுதத் துணிவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், "அண்ணே, இந்த மாசம் கேட்டுடுறேன்" என்று மாதாமாதம் சொன்னேன்.

வரைபடத்துக்கு வருகிறேன். நகரியத்தில் எங்கள் எல்லார் வீட்டிலும் ஒரு பழக்கம் உண்டு. அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய வரைபடத் தாள்கள் வீட்டுக்கு வரும். பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போடுவோம், அலமாரித் தட்டில் விரிப்போம். என் மகன் படித்த கணக்குப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பல்சக்கரப் பெட்டியின் குறுக்குவெட்டு இருந்தது. அப்படித் தலைவர் வீட்டிலிருந்த சுருளில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "இந்தப் பக்கம் பழைய வேலை, அந்தப் பக்கம் புது வேலை. நம்ம டவுன்ஷிப்ப அங்க போடுங்க சார்" என்றார். ஒரு கிரகம் முழுவதும் காலியாகக் கிடக்கிறது. எப்படி வேண்டுமானாலும் ஊர் அமைக்கலாம். எங்கள் பன்னிரண்டு மண்டைக்கும் எட்டியது பிளாக் நம்பர், டைப் வாரியாகக் குவார்ட்டர்ஸ், ஷிப்டு பஸ் நிற்கும் இடம், சங்கு ஊதும் கோபுரம்.

அதையும் நான் ஒழுங்காகச் சிந்தித்து வரையவில்லை. சோம்பேறி. பின்பக்கத்துப் பழைய கோடுகள் தாளில் மங்கலாகத் தெரிந்தன. கண்ணாடி மேஜைக்குக் கீழே ஒரு டியூப் லைட்டை வைத்து, தாளைக் கவிழ்த்துப் போட்டேன். எங்கெல்லாம் கட்டம் தெரிந்ததோ அங்கெல்லாம் வீடு, வட்டமாகத் தெரிந்த இடத்தில் ஏரி. ஏதோ சாக்கடைப் படம் என்று நினைத்தேன், அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படிக்கவில்லை. ஒரே சாயங்காலத்தில் கிரகம் முடிந்தது. ஏரிக்கு எதிரே தனியாக நின்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக்கொண்டேன்.

அந்த வரைபடத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டிய அன்றுதான் மன்றத்தில் முதல் உண்மையான விவாதம் நடந்தது. மூச்சு விடக் காற்று எப்படி வரும் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு சீனியாரிட்டிப்படியா என்று கேட்டார்கள். வாத்தியார் ஒருவர் தனக்கு மூட்டுவலி, கீழ்த்தளம்தான் வேண்டும் என்றார். செவ்வாயில் எடை குறைவு, மூட்டு வலிக்காது என்று தலைவர் எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடை பாய் மட்டும், "எனக்கு வூடு வேணாங்க, பஸ் ஸ்டாப் பக்கத்துல கடை குடுங்க. எங்க போனாலும் நீங்க மூணு காப்பி கேப்பீங்க" என்றார். அந்தக் கூட்டத்தில் மனித இயல்பை அறிந்த ஒரே ஆள் அவர்தான்.

அப்போது தோட்டத்து அண்ணன் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். வரைபடத்தின் முன்னால் நின்று நிதானமாகப் பார்த்தார். "இதுல எங்க வூடு எங்கங்க?" என்று கேட்டார்.

தலைவர் சிரித்தார். "முதல்ல பர்மனன்ட் ஆளுங்க போவோம்ப்பா. கான்ட்ராக்ட்டெல்லாம் ரெண்டாவது கட்டம்."

அதோடு விட்டிருக்கலாம். கூட்டத்தில் நாலு பேர் இருந்தால் என் வாய் சும்மா இருக்காது. "கவலப்படாதீங்கண்ணே, அங்கயும் உங்களுக்குத் தண்ணி ஊத்துற வேல நிச்சயம்" என்றேன். எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன நகைச்சுவைகளில் அதிகச் சிரிப்பு வாங்கியது அதுதான். அண்ணனும் மரியாதைக்காகச் சிரித்தார். பிறகு பின்வாசல் வழியாகப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பட்டியலில் விட்டுப்போனவர்கள் மனு கொடுக்க அந்த வருடம் ஒரு கெடு வைத்திருந்தார்கள். கடைசி நாள் காலையில் அண்ணன் தலைவர் வீட்டு வாசலில் நின்றார். வீடு பூட்டியிருந்தது. மனைவி ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, முந்தின நாளே பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கையெழுத்து மனுக் கட்டும் வரைபடமும் பத்திரமாக இருக்கட்டும் என்று என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் தலைவர் போனார். அண்ணனின் காகிதம் மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து நான் போன் செய்தேன். "எந்த ஊரு? எந்த வீடு? எத்தனையோ ஊர் அளந்தோம், ஞாபகம் இல்லையே சார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க பதினாலாவது மாடி. தண்ணியே இல்ல சார், லாரி வந்தாத்தான் குளியல்" என்று புலம்பினார். செவ்வாயின் பனியை உருக்கப் புறப்பட்டவர் பக்கெட்டோடு நிற்பதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அதைத் தவிர அண்ணனுக்காக நான் வேறொன்றும் செய்யவில்லை. மனுக் கட்டு டில்லிக்குப் போகவே இல்லை. அதைச் செல் அரித்தது. நாளடைவில் அண்ணன் நகரியத்து வேலையையும் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் நானும் ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் குடியிருந்தாலும் சாவி மட்டும் நம்முடையது இல்லை. பரண் மேலிருந்து பாத்திரங்களை இறக்கினோம். சுற்றி வைக்கக் காகிதம் போதவில்லை. "அந்தச் செவ்வாயக் கொண்டாங்க, குக்கரச் சுத்தலாம்" என்றாள் மனைவி. சுருளைப் பிரித்துத் தரையில் போட்டேன். கவிழ்ந்து விழுந்தது. குக்கரை வைக்கப் போனவள், "என்னங்க, இதுல ஆளுங்க பேரா எழுதியிருக்கு?" என்றாள்.

சாக்கடைப் படம் இல்லை. அண்ணனின் ஊர். மேலே ஊர்ப் பெயர், ஓரத்தில் வீட்டு எண்களும் குடும்பத் தலைவர் பெயர்களும். குளத்தங்கரையில் தனியாக ஒரு கட்டம். 'கூரை வீடு, மேற்கு வாசல், ஆள் இல்லை' என்று குறிப்பு. பக்கத்தில் அண்ணனின் அப்பா பெயர். கீழே, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சாய்ந்த கையெழுத்தில், தலைவர் போட்ட ஒப்பம். அளந்திருக்கிறார், வரைந்திருக்கிறார், பெயரைக்கூடக் கேட்டு எழுதியிருக்கிறார். சுத்தப் பிரதி எடுத்தபோது விட்டிருக்கிறார். அந்தத் தாளைத்தான் 'பழைய வேலை' என்று என்னிடம் நீட்டினார். தெரிந்து கொடுத்தாரா தெரியாமல் கொடுத்தாரா என்று இனி கேட்டு என்ன ஆகப்போகிறது? தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மேற்கு வாசல் கவிழ்ந்து கிழக்கு வாசலாகி, அந்தக் கூரை வீட்டின் மேல் பச்சை மையில் கொட்டை எழுத்தில் என் பெயர் நின்றது. அண்ணன் இரண்டு வருடம் அலைந்த காகிதம், அவர் தண்ணீர் ஊற்றிய வீட்டின் கூடத்தில், சுவரைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அதன் முன்னாலேயே வந்து நின்று, சரியான கேள்வியையும் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு குள்ளஞ்சாவடிக்குப் போனேன். அண்ணன் அங்கே வாடகை வீட்டில் இருக்கிறார், பக்கத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை. என்னைப் பார்த்ததும், "வாங்க செயலாளர் சார். கெளம்பியாச்சா செவ்வாய்க்கு?" என்றார். தாளைச் சிமென்டுத் தரையில் விரித்தேன். அவர் விரல் ஊரின் தெருவில் மெல்ல நடந்து, குளத்தைச் சுற்றி, அந்தக் கட்டத்தில் வந்து நின்றது. பிறகு தாளைத் திருப்பினார். என் பெயரைப் படித்தார்.

"எங்க வூட்டுலயா சார் இருந்தீங்க இத்தன நாளா?" என்றார்.

பதிலுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குப் பதில் தாளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன்.

விட்டுப்போனவர்களிடம் மறுபடி மனு வாங்குவதாக அண்ணன் சொன்னார். ஜெராக்ஸ் கடை பாயிடம் போனோம். அவர் தாளைத் துண்டு துண்டாகப் பிரதி எடுத்து டேப் போட்டு ஒட்டிக்கொண்டே, "ரெண்டு பக்கமும் எடுத்துடுறேன். ஒரு பக்கம் எடுத்துக்கினு போனா திருப்பி அனுப்புவாங்க" என்றார். அலுவலகக் கவுன்டரில் இருந்தவர் எல்லாவற்றையும் புரட்டினார். பச்சைப் பிளாக்குகளைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"இது என்ன லே-அவுட்டு? அப்ரூவல் வாங்கியாச்சா?"

"செவ்வாய்ங்க" என்றேன்.

"எந்தத் தாலுக்கா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கவுன்டரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "அது சும்மாங்க. விளையாட்டுக்கு வரைஞ்சது. இந்தப் பக்கந்தான் ஊரு" என்று தாளைத் திருப்பி வைத்தார். கவுன்டர்க்காரர் அசல் தாளை வாங்கி மனுவோடு சேர்த்து நூல் கட்டினார். பிரதியில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார். அவசரத்தில் அது தவறான பக்கத்தில் விழுந்தது. பதினாலாம் பிளாக், முனை வீடு, என் பெயருக்கு மேல். எங்கள் மன்றத்தின் கோரிக்கைக்கு இந்தப் பூமியில் கிடைத்த ஒரே அலுவலக முத்திரை அதுதான்.

மனை கிடைக்குமா என்று தெரியாது. அடுத்த மாதம் விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம். என் வரைபடம் இப்போது அண்ணனின் கோப்பில் இருக்கிறது, கவிழ்த்து வைத்து, செவ்வாய் அடியில். வெளியே வந்ததும் அண்ணன் முத்திரை விழுந்த பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"விசாரணைக்கு நீங்களும் வரணும் சார். பின்னால செவ்வாய வரைஞ்சது நாந்தான், தாளு ஐயா குடுத்ததுன்னு சொல்லணும். அளந்தவரு வரமாட்டாரு."

"வரேண்ணே" என்றேன்.

"மாசாமாசம் கேட்டுடுறேன்னு சொல்லுவீங்களே, அந்த மாதிரி வரேனா?"

காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பச்சை ஸ்கெட்ச் பேனாதான் கிடைத்தது.